ஒரே ரீமாஸ்டர் ஸ்கிரிப்ட் ஒரு நாள் ஓடுகிறது, மறுநாள் ஓடவில்லை. ஏன்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாலக்கோடு பக்கம் கணினி மையம் நடத்துகிறவர் கேட்டிருக்கிறார். கையில் இருப்பவை 1 ஜிபி, 2 ஜிபி ராம் உள்ள பழைய கணினிகள். பழைய கணினிகளுக்கான லினக்ஸ் வகையான ஆன்டிஎக்ஸின் 32 பிட் ஐஎஸ்ஓவை (முழு சிஸ்டத்தையும் அடக்கிய ஒற்றைக் கோப்பு) பிரித்து, தமிழ் எழுத்துருக்கள், தமிழ்99 விசைப்பலகை, லிப்ரேஆபிஸ் எல்லாம் சேர்த்து மறுபடி ஐஎஸ்ஓவாகக் கட்டும் பாஷ் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். ஒரு நாள் நன்றாக வருகிறது. இன்னொரு நாள் அதே ஸ்கிரிப்ட் கொடுத்த ஐஎஸ்ஓவில் வைஃபை வரவில்லை, அல்லது பூட் ஆகும்போதே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் பென்டிரைவில் எழுதி ஒவ்வொரு கணினியாகப் போட்டுப் பார்த்து அலுத்துப்போய், "இதைவிட நல்ல ஸ்கிரிப்ட் யாரிடமாவது இருந்தால் தாருங்கள்" என்று முடித்திருக்கிறார். எந்தச் சுருக்க முறை நல்லது, 32 பிட் இன்னும் எவ்வளவு காலம் என்றும் கூடவே கேட்டிருக்கிறார்.

வேறு ஸ்கிரிப்ட் வாங்கினாலும் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியவை இரண்டு. ஒரே ஸ்கிரிப்ட் ஏன் வேறு வேறு விளைவு தருகிறது? பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு அலையாமல், ஐஎஸ்ஓ சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முக்கியமாக இந்த இரண்டுக்குத்தான் பதில் எழுதுகிறேன், மற்றவை கடைசியில். ஓசூரில் தொழிற்சாலைச் சோதனை மேசைகளில் ஓடும் பழைய கணினிகளுக்கு இப்படி இமேஜ் கட்டிக் கொடுப்பது பல வருடமாக என் பிழைப்பு. ஆனால் உங்கள் ஸ்கிரிப்டை நான் பார்க்கவில்லை. அதனால் எது நிச்சயம், எது என் ஊகம் என்பதை அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

ஆன்டிஎக்ஸ் போன்ற, வன்தட்டில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் சிஸ்டத்தில் முழு கோப்பு அமைப்பும் லினக்ஸ்எஃப்எஸ் என்ற ஒரே ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்புக்குள் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அதில் எழுத முடியாது, படிக்க மட்டுமே முடியும். ஓடும்போது நடக்கும் மாற்றங்கள் ராமில் ஒரு மேல் அடுக்கில் சேரும், அணைத்தால் போய்விடும். அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில், பத்துப் பதினைந்து பிள்ளைகள் கைவைக்கும் கணினியில் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை என்பது என் கருத்து. ரீமாஸ்டர் என்பது இந்தக் கோப்பைப் பிரித்து, சீரூட் (ஒரு அடைவையே முழு சிஸ்டமாகப் பாவித்து அதற்குள் கட்டளை ஓட்டும் வழி) மூலம் உள்ளே போய் மாற்றி, மறுபடி சுருக்கி, ஐஎஸ்ஓவில் பழைய இடத்தில் வைப்பது. அவ்வளவுதான். சிக்கல் எல்லாம் இந்தப் படிகளுக்கு நடுவே மிச்சம் விழும் விஷயங்களில் இருக்கிறது.

நான் முதலில் சந்தேகப்படுவது அந்த மிச்சத்தைத்தான். முந்தைய ஓட்டம் பாதியில் நின்றிருந்தால், வேலை ஃபோல்டரில் பாதி நிறுவிய பேக்கேஜ்களும், கழற்றாத மவுண்ட்களும் (ஒரு அடைவோடு இணைத்த வேறு கோப்பு அமைப்புகள்) அப்படியே கிடக்கும். அடுத்த முறை ஸ்கிரிப்ட் அதன் மேலேயே வேலை செய்யும். கழுவாத பாத்திரத்தில் பால் காய்ச்சினால் சில நாள் திரியும், சில நாள் திரியாது, அதே கதைதான். இன்னொன்றும் உண்டு. ஏற்கெனவே இருக்கும் ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பின் பெயரையே கொடுத்து, அதைக் கட்டும் எம்கேஸ்குவாஷ்எஃப்எஸ் கட்டளையை ஓட்டினால், அது பழையதை அழிப்பதில்லை, பழையதோடு புதியதைச் சேர்க்கும். அதன் இயல்பே அதுதான். அழித்துவிட்டு எழுது என்று 'நோஅப்பெண்ட்' என்ற ஆப்ஷனை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ஐஎஸ்ஓ ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துக்கொண்டே போனால் முதலில் இதைப் பாருங்கள்.

தீர்வு, ஒவ்வொரு ஓட்டமும் வெறும் ஃபோல்டரிலிருந்தே தொடங்க வேண்டும். மூல ஐஎஸ்ஓவைத் தொடக்கூடாது, அதன் ஷா256 கூட்டலை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். பிரிப்பது, மாற்றுவது, கட்டுவது மூன்றையும் தனித்தனி ஸ்கிரிப்டுகளாக வைத்துக்கொள்ளலாம். முடிந்த ஐஎஸ்ஓவை முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி, சோதனைகள் தேறிய பிறகே உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். கட்டும்போது கரண்ட் போனால், பாதி எழுதிய கோப்பை நல்ல ஐஎஸ்ஓ என்று நினைத்து யாரும் எடுத்துப்போக மாட்டார்கள்.

இங்கே ஒரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். சீரூட்டுக்குள், பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் ஒழுங்காக ஓட, வெளியே இருக்கும் டெவ், ப்ரோக், சிஸ் என்ற சிஸ்டம் அடைவுகள் மூன்றையும் உள்ளே பைண்ட் மவுண்ட் செய்வோம், அதாவது அதே அடைவை உள்ளேயும் தெரியவைப்போம். ஸ்கிரிப்ட் பாதியில் செத்துப்போய், நீங்கள் எரிச்சலில் வேலை ஃபோல்டரை ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் போட்டு அழித்தால், உள்ளே மவுண்ட் ஆகியிருக்கும் உங்கள் சொந்தக் கணினியின் டெவ் அடைவும் அதோடு போகும். அது மறுபடி பூட் செய்தால் திரும்ப வந்துவிடும். ஆனால் பேக்கேஜ் சேமிப்புக்காக ஹோம் அடைவையும் யாராவது உள்ளே பைண்ட் செய்திருந்தால், போனது போனதுதான். அதனால் ஸ்கிரிப்ட் எப்படி முடிந்தாலும் மவுண்ட்களைக் கழற்றும் ஒரு வேலையை 'டிராப்' கட்டளையில் வெளியேறும் நேரத்துக்குக் கட்டிவையுங்கள். அழிப்பதற்கு முன் ஃபைண்ட்எம்என்டி கொண்டு அந்த ஃபோல்டருக்குக் கீழே மவுண்ட் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அழிக்காமல் நிறுத்துங்கள். ஆர்எம் கட்டளைக்கு 'ஒன்-ஃபைல்-சிஸ்டம்' என்ற ஆப்ஷனையும் கொடுத்துவிட்டால், வேறு கோப்பு அமைப்புக்குள் அது நுழையாது. ஆனால் ஒரு விஷயம்: ஹோம் அடைவு தனிப் பார்ட்டிஷனாக இல்லாமல், வேலை ஃபோல்டர் இருக்கும் அதே பார்ட்டிஷனிலேயே இருந்தால் இந்த ஆப்ஷன் காப்பாற்றாது. அதனால் ஹோம் அடைவை உள்ளே கொண்டுபோவதையே விட்டுவிடுங்கள். இன்னும் சுத்தமான வழி, முழு வேலையையும் 'அன்ஷேர்' மூலம் தனி மவுண்ட் வெளிக்குள் ஓட்டுவது. ஸ்கிரிப்ட் செத்தால் அதன் மவுண்ட்களும் கூடவே செத்துவிடும்.

ஷெல் பற்றியும் சில வார்த்தைகள். 'செட் மைனஸ் இ' போட்டுவிட்டால் எந்தப் பிழை வந்தாலும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. ஒரு ஃபங்ஷனை 'இஃப்' நிபந்தனைக்குள் அழைத்தால், அந்த ஃபங்ஷனுக்குள் நடக்கும் பிழைகளை அது கண்டுகொள்ளாது. பைப்பில் இணைத்த கட்டளைகளில் கடைசியின் முடிவை மட்டுமே பார்க்கும். 'பைப்ஃபெயில்' தனியாகப் போட வேண்டும். ஆப்ட் வெளியீட்டை லாகில் எழுத 'டீ' வழியாக அனுப்பியிருந்தால், ஆப்ட் தோற்றாலும் 'டீ' வென்றுவிடும், ஸ்கிரிப்ட் சந்தோஷமாகத் தொடரும். எழுத்துருவும் சில நாள் வராமல் போகிறது என்றால் அதற்கும் இது காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஷெல்செக் என்ற கருவியில் ஸ்கிரிப்டைக் கொடுத்தால் இதில் எல்லாவற்றையும் பிடிக்காவிட்டாலும் மேற்கோள் குறி விட்டுப்போன இடங்கள், வெறுமையாக இருந்தால் ஆபத்தான மாறிகள் போன்றவற்றை உடனே காட்டும். அதைச் செய்யாமல் எந்த ஸ்கிரிப்டையும் ரூட்டாக ஓட்டாதீர்கள்.

இரண்டாவது சந்தேகம் உங்கள் வைஃபை. இதில் எனக்கு ஓரளவு உறுதி உண்டு. சீரூட்டுக்குள் 'அப்கிரேட்' ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று களஞ்சியத்தில் (பேக்கேஜ்கள் இறங்கும் இணைய இருப்பு) புதிய கர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) வந்திருந்தால் அதுவும் உள்ளே நிறுவப்படும். சிலர் இடம் மிச்சம் பிடிக்கப் பழைய கர்னலை நீக்கியும்விடுவார்கள். ஆனால் கணினி பூட் ஆவது ஸ்குவாஷ்எஃப்எஸ்-க்குள் இருக்கும் கர்னலில் இல்லை, ஐஎஸ்ஓவில் வெளியே தனியாக இருக்கும் விஎம்லினக்ஸ் கோப்பில். அது பழையதாகவே இருக்கும். பழைய கர்னல் ஓடும்போது அதற்குரிய மாட்யூல் (டிரைவர்) ஃபோல்டர் உள்ளே இல்லை என்றால் வைஃபை டிரைவர் எங்கிருந்து வரும்? களஞ்சியம் மாறாத நாளில் எல்லாம் சரி, மாறிய நாளில் பழுது. நீங்கள் சொன்ன அறிகுறியோடு இது அப்படியே பொருந்துகிறது. சோதித்துப் பார்ப்பது சுலபம். 'ஃபைல்' கட்டளையை விஎம்லினக்ஸ் மேல் ஓட்டினால் பதிப்பு எண் தெரியும். பிரித்த அடைவில் லிப் மாட்யூல்ஸ்-க்குள் அதே பெயரில் ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். இந்த ஒப்பீட்டை ஸ்கிரிப்டிலேயே வைத்து, பொருந்தாவிட்டால் கட்டுவதையே நிறுத்தச் சொல்லுங்கள். ஆப்ட்-மார்க் மூலம் கர்னல் பேக்கேஜைப் பிடித்துவைத்தால் தானாக மேலேறாது. கர்னலை வேண்டுமென்றே மாற்ற விரும்பினால் அது வேறு வேலை. ஆன்டிஎக்ஸின் லைவ் இனிட்ஆர்டி (பூட் தொடக்கத்தில் ஓடும் சிறு அமைப்பு) அதற்கென்று தனியாகக் கட்டப்பட்டது, சாதாரண டெபியன் முறையில் உருவாக்கும் இனிட்ஆர்டி அந்த இடத்தில் வேலை செய்யாது. அதற்கு அவர்கள் தரும் கருவிகளைத்தான் பயன்படுத்த வேண்டும்.

களஞ்சியம் மாறிக்கொண்டே இருப்பதை உங்களால் தடுக்க முடியாது, ஆனால் என்ன மாறியது என்று தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு ஐஎஸ்ஓ கட்டும்போதும் டிபிகேஜி-குவெரி கொண்டு பேக்கேஜ் பெயர், பதிப்புப் பட்டியலை ஒரு உரைக் கோப்பில் எடுத்து ஐஎஸ்ஓவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை என்றால் இரண்டு பட்டியலையும் 'டிஃப்' செய்து பாருங்கள். பாதிப் பிரச்சினைகள் அந்த நாலைந்து வரிகளிலேயே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் இந்தப் பதிலில் இருப்பதிலேயே குறைந்த உழைப்புக்கு அதிக பலன் தருவது இதுதான். அப்புறம், ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற சிறிய சேவையை உங்கள் கணினியில் நிறுவிக்கொண்டால், ஒருமுறை இறங்கிய பேக்கேஜ் திரும்ப இணையத்திலிருந்து இறங்காது. அஞ்செட்டி மலைப்பக்கம் போல இணைப்பு அறுந்து அறுந்து வரும் இடத்தில் இருப்பவர்களுக்கு இது இல்லாமல் வேலையே நடக்காது.

சீரூட்டுக்குள் போகும்போது கவனிக்க வேண்டிய சில்லறை விஷயங்கள் சில. உங்கள் கட்டும் கணினி 64 பிட் என்றால், 32 பிட் அடைவுக்குள் போகும்போது 'லினக்ஸ்32' கட்டளை வழியாகப் போங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் நிறுவல் ஸ்கிரிப்டுகள் யூநேம் கட்டளையைக் கேட்டு 64 பிட் என்று ஏமாறும். நிறுவும்போது சேவைகள் தொடங்காமல் இருக்க, பாலிசி-ஆர்சி.டி என்ற சிறிய கோப்பை 101 என்ற எண்ணைத் திருப்பும்படி எழுதி வைத்து, கட்டி முடிக்கும் முன் நீக்குங்கள். வேலை ஃபோல்டரை என்டிஎஃப்எஸ் டிரைவிலோ, விர்ச்சுவல்பாக்ஸ் பகிர்வு ஃபோல்டரிலோ வைக்காதீர்கள். உரிமையாளர், அனுமதி விவரங்கள் சிதைந்துபோய் உள்ளே சூடோகூட வேலை செய்யாது. பிரிப்பதும் கட்டுவதும் ரூட்டாக, லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பின் மேல் நடக்கட்டும்.

ஐஎஸ்ஓ கட்டும் கடைசிப் படியில் ஒரு நல்ல குறுக்குவழி இருக்கிறது. பூட் மெனு, ஐசோலினக்ஸ், கிரப் என்ற பூட்லோடர்கள் எல்லாவற்றையும் நீங்களே மறுபடி அமைக்க வேண்டாம். ஐஎஸ்ஓ கட்டும் கருவியான எக்ஸாரிசோவிடம் பழைய ஐஎஸ்ஓவை உள்ளீடாகக் கொடுத்து, லினக்ஸ்எஃப்எஸ் கோப்பை மட்டும் புதியதாக மாற்றி, 'பூட்-இமேஜ் எனி ரீப்ளே' என்று சொன்னால், மூலத்தில் இருந்த பூட் அமைப்பை அப்படியே புதியதிலும் அமைத்துவிடும். கூடவே இருக்கும் எம்டி5 கோப்பையும் புதுப்பிக்க மறக்காதீர்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய செய்முறைகளைப் பார்த்து ஜென்ஐஎஸ்ஓஇமேஜ் கொண்டு கட்டினால், சிடியாகப் போட்டால் பூட் ஆகும், அதையே பென்டிரைவில் எழுதினால் ஆகாது. காரணம், பென்டிரைவுக்கு வேண்டிய எம்பிஆர் என்ற பூட் பகுதி ஐஎஸ்ஓவின் தலையில் தனியாக எழுதப்பட வேண்டும். "மெய்நிகர் கணினியில் ஓடுகிறது, நிஜத்தில் ஓடவில்லை" என்ற புலம்பலில் ஒரு பெரும் பங்கு இதனால்தான்.

இனி சோதனைக்கு வருவோம். கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் கியூஎமுவைப் பயன்படுத்துங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் கெட்டதல்ல, ஆனால் ஸ்கிரிப்டிலிருந்து இயக்க கியூஎமுதான் வசதி. நான் செய்யும் முறை இது. இமேஜுக்குள் ஒரு சிறிய சோதனை ஸ்கிரிப்டை வைத்துவிடுவேன். பூட் ஆகும்போது கர்னலுக்குக் கொடுத்த வரியில் ஒரு குறிப்பிட்ட சொல் இருந்தால் மட்டுமே அது ஓடும். இல்லாவிட்டால் பேசாமல் இருக்கும். ஓடினால் ஒவ்வொரு சோதனையின் முடிவையும் சீரியல் போர்ட்டில் எழுதிவிட்டு, கடைசியில் 'முடிந்தது' என்ற அடையாள வரியைப் போட்டு, கணினியை அணைத்துவிடும். வெளியே கியூஎமு திரை இல்லாமல் ஓடும், சீரியல் வெளியீடு ஒரு கோப்பில் சேரும், 'டைம்அவுட்' கட்டளை ஒரு எல்லை வைத்திருக்கும். அந்த நேரத்துக்குள் அடையாள வரி வந்து, தோல்வி வரி ஒன்றும் இல்லை என்றால் தேறியது. பூட் மெனுவில் அந்தச் சொல்லைத் தட்ட ஆள் வேண்டாம்; விஎம்லினக்ஸையும் இனிட்ஆர்டியையும் வெளியே எடுத்து கியூஎமுவுக்கு நேரடியாகக் கொடுத்து, ஐஎஸ்ஓவை சிடியாக மாட்டினால் போதும்.

ஆனால் அப்படிச் செய்யும்போது பூட்லோடரைச் சோதிக்காமல் தாண்டிவிடுகிறீர்கள். அதனால் அதற்குத் தனியாக ஒரு ஓட்டம் வேண்டும்: ஐஎஸ்ஓவை சிடியாக ஒரு முறை, யூஎஸ்பி சேமிப்பாக ஒரு முறை, ஓவிஎம்எஃப் போட்டு, புதிய கணினிகளின் பூட் முறையான யூஇஎஃப்ஐயில் ஒரு முறை. உங்களிடம் இருக்கும் கணினிகள் எல்லாம் பழைய பயாஸ்காரர்கள் என்றால் மூன்றாவதை விட்டுவிடலாம். ராமை 1024 எம்பி என்று கட்டிவையுங்கள். தாராளமாக 4 ஜிபி கொடுத்துச் சோதிப்பதில் அர்த்தமே இல்லை. சிபியு மாடலையும் பழையதாகக் கொடுங்கள். பழைய நெட்புக்குகளில் இருந்த ஆட்டம் என்270 மாடலே கியூஎமுவில் உண்டு. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிஜ சிபியுவையே நேரடியாகப் பயன்படுத்தும் கேவிஎம் முடுக்கத்தோடு ஓட்டினால், சிபியு தன்னைப் பற்றிச் சொல்லும் விவரங்கள் மட்டும்தான் பழையதாக மாறும். உங்கள் புதிய சிபியுவின் கட்டளைகள் பெரும்பாலும் உள்ளே ஓடிவிடும். பழைய சிபியுவில் இல்லாத கட்டளையால் ஒரு நிரல் சாகுமா என்று பார்க்க வேண்டுமானால் கேவிஎம் இல்லாமல் ஓட்ட வேண்டும். அது மெதுவாக இருக்கும். எல்லா ஓட்டத்துக்கும் கேவிஎம், வெளியிடும் முன் கடைசி ஓட்டத்துக்கு மட்டும் கேவிஎம் இல்லாமல், என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்குள் எதைப் பார்ப்பது? பூட் ஆனது என்பதோடு நிறுத்தினால் பயனில்லை. உங்கள் மையத்துக்கு எது முக்கியமோ அதைக் கேளுங்கள். எஃப்சி-லிஸ்ட்டில் தமிழுக்கு எழுத்துரு வருகிறதா? ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளும் வருவார்கள் என்றால் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் அதே சோதனையைப் போடுங்கள். லோகித், நோட்டோ இரண்டு குடும்பங்களிலும் மூன்று மொழிக்கும் எழுத்துரு உண்டு. தமிழ் மொழிச் சூழல் உருவாகியிருக்கிறதா? தமிழ்99 தரும் எம்17என் (தட்டச்சு முறை) கோப்பு அதன் இடத்தில் இருக்கிறதா? லிப்ரேஆபிஸை திரையில்லா முறையில் ஓட்டி, தமிழ் எழுதிய ஒரு பக்கக் கோப்பை பிடிஎஃப் ஆக மாற்றச் சொல்லி, பிடிஎஃப்-ஃபாண்ட்ஸ் கருவியால் அதற்குள் தமிழ் எழுத்துரு பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு சோதனை எழுத்துரு, லிப்ரேஆபிஸ், நினைவகம் மூன்றையும் ஒருசேரத் தொட்டுவிடும். கொம்பும் காலும் சரியான இடத்தில் விழுகிறதா என்பதைக் கருவி சொல்லாது. கியூஎமுவின் ஸ்கிரீன்டம்ப் மூலம் திரையைப் படமெடுத்து, 'கொள்கை', 'ஸ்ரீ' போன்ற சொற்களைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்தச் சோதனைகளுக்குத் தோற்கத் தெரிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பேக்கேஜ் பட்டியலிலிருந்து எழுத்துருவை வேண்டுமென்றே எடுத்துவிட்டுக் கட்டுங்கள். சோதனை அலறவில்லை என்றால் அந்தச் சோதனை வெறும் அலங்காரம். அதேபோல் கட்டும் ஸ்கிரிப்டையும் வதைத்துப் பாருங்கள். ஆப்ட் ஓடும்போது நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். சுருக்கும்போது கன்ட்ரோல்-சி அடியுங்கள். சின்ன லூப் கோப்பு ஒன்றை வேலை ஃபோல்டராக மவுண்ட் செய்து, இடம் தீர்ந்துபோகும்படி செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்கிரிப்ட் தெளிவான செய்தியோடு நின்று, மவுண்ட்களைக் கழற்றி, அடுத்த ஓட்டம் ஒன்றுமே நடக்காதது போல் தொடங்க வேண்டும்.

கியூஎமுவில் தேறியது என்றால் என்ன நிச்சயம்? கோப்பு அமைப்பு சிதையவில்லை, கர்னலும் இனிட்ஆர்டியும் லினக்ஸ்எஃப்எஸ்ஸைக் கண்டுபிடித்துவிட்டன, வேண்டிய நிரல்கள் இருக்கின்றன, குறைந்த ராமில் ஓடுகின்றன. அவ்வளவுதான். கிராஃபிக்ஸ் சிப், வைஃபை கார்டுக்கான ஃபர்ம்வேர், சவுண்ட், டச்பேட், மூடியை மூடினால் தூங்கி எழுவது, இவை எதைப் பற்றியும் கியூஎமு வாய் திறக்காது. அது காட்டும் கார்டுகள் எல்லாம் அதன் சொந்தக் கற்பனை. ஆகவே நிஜக் கணினிகளில் போட்டுப் பார்ப்பது போகாது, குறையும். எல்லாக் கணினியிலும் போட வேண்டியதில்லை. வன்பொருள் பட்டியலைத் தரும் எல்எஸ்பிசிஐ வெளியீட்டை ஒவ்வொரு கணினியிலும் ஒருமுறை எடுத்து வைத்து, ஒரே மாதிரி கிராஃபிக்ஸ், ஒரே மாதிரி வைஃபை உள்ளவற்றைக் கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு ஒரு கணினி போதும். பெங்களூரிலிருந்து மொத்தமாக வரும் பழைய அலுவலகக் கணினிகளாக இருந்தால் இரண்டு மூன்று கூட்டம்தான் தேறும்.

பென்டிரைவையும் நம்பாதீர்கள். பென்டிரைவில் எழுதும் டிடி கட்டளை முடிந்ததாகச் சொன்ன பிறகும் தரவு ராமில் காத்திருக்கலாம். 'சிங்க்' முடியும் வரை பிடுங்கக்கூடாது. எழுதிய பின் ஐஎஸ்ஓவின் அளவு பைட்டுகள் மட்டும் சிஎம்பி கொண்டு ஒப்பிடுங்கள். சந்தையில் அளவைப் பொய்யாகக் காட்டும் பென்டிரைவ்கள் நிறைய. எஃப்3 என்ற கருவி அவற்றைக் காட்டிக்கொடுக்கும். பூட் பாதியில் நிற்பது உங்கள் ஸ்கிரிப்டின் குற்றமா பென்டிரைவின் குற்றமா என்று இப்போதைக்கு என்னால் சொல்ல முடியாது. இந்த ஒப்பீட்டைச் செய்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

சுருக்க முறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். எக்ஸ்இசட் போட்டால் கோப்பு சிறிதாகும், விரிக்க சிபியு அதிகம் உழைக்கும், இதில் சந்தேகமில்லை. உங்கள் கணினிகளில் எது வேகம் என்பது சந்தேகம்தான், ஏனென்றால் யூஎஸ்பி 2.0 பென்டிரைவின் மெதுவும் பழைய சிபியுவின் மெதுவும் ஒன்றோடொன்று மோதுகின்றன. எக்ஸ்இசட், ஜிசிப், கர்னல் அனுமதித்தால் இசட்-ஸ்டாண்டர்ட், மூன்றையும் கட்டி, லிப்ரேஆபிஸ் திறக்கும் நேரத்தை நிஜக் கணினியில் அளந்து பாருங்கள். ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸில் இசட்-ஸ்டாண்டர்ட் கர்னல் 4.14-இல்தான் வந்தது, 4.9 வரிசைக் கர்னலில் பூட் செய்கிறீர்கள் என்றால் அது கிடையாது. 1 ஜிபி கணினியில் முழு சிஸ்டத்தையும் ராமில் ஏற்றும் 'டூராம்' ஆப்ஷனை மறந்துவிடுங்கள்.

ஐஎஸ்ஓவை வேறு மையங்களுக்கும் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கட்டும் முன் எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகள், டிபஸ் மெஷின்-ஐடி, வைஃபை கடவுச்சொற்கள், பிரவுசர் புரொஃபைல், பாஷ் ஹிஸ்டரி எல்லாவற்றையும் நீக்கும் படி ஒன்று கட்டாயம் வேண்டும். ஓடும் கணினியை அப்படியே படம் பிடிக்கும் ஐஎஸ்ஓ-ஸ்னாப்ஷாட், லைவ்-ரீமாஸ்டர் போன்ற ஆன்டிஎக்ஸ் கருவிகள் நல்லவைதான், ஒரு கணினிக்கு அவையே போதும். ஆனால் அந்தக் கணினியில் கையால் செய்த மாற்றங்கள் எல்லாம் எங்கும் எழுதப்படாமல் உள்ளே போய்விடும். ஆறு மாதம் கழித்து அதே இமேஜை மறுபடி கட்டச் சொன்னால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதனால் மையத்துக்கு என்றால் உங்கள் ஸ்கிரிப்ட் வழியே சரி. அதை, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்துவைக்கும் 'கிட்' கருவியில் போட்டு வையுங்கள்.

32 பிட்டுக்கு எவ்வளவு காலம் என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆன்டிஎக்ஸ் 23 டெபியன் 12 மேல் நிற்கிறது. அதில் 32 பிட் உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் ஐ386-க்கு கர்னலும் இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸும் 144-ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸை நிறுத்திவிட்டது; நீண்ட கால ஆதரவுள்ள ஈஎஸ்ஆர் 140 வரிசைதான் கொஞ்ச காலம் ஓடும். உங்கள் கணினிகளில் எல்எஸ்சிபியு ஓட்டிப் பாருங்கள். கோர் 2 டுவோ போன்றவை 64 பிட் தாங்கும், 32 பிட் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அவற்றை இப்போதே தனிக் கூட்டமாக்கி 64 பிட் இமேஜுக்கு மாற்றிவிட்டால், 32 பிட் தலைவலி மிச்சமிருக்கும் சிலவற்றுக்கு மட்டும்தான்.

முதலில் கர்னல் பதிப்பு ஒப்பீட்டையும் நோஅப்பெண்ட் விஷயத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். அதன் பிறகும் தோற்றால், தோற்ற ஐஎஸ்ஓ, ஓடிய ஐஎஸ்ஓ இரண்டின் பேக்கேஜ் பட்டியல் வித்தியாசம், சீரியல் லாகின் கடைசி முப்பது நாற்பது வரிகள், சீரூட் வேலைகளைச் செய்யும் ஸ்கிரிப்ட் பகுதி, இந்த மூன்றையும் கேள்வியோடு சேர்த்துப் போடுங்கள். வைஃபை கடவுச்சொல் எதுவும் அதில் இல்லை என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.